சுபத்துக்குப் பிறகு ஒரு ரீல்

எங்கள் ஊர் சங்கரன்கோவில் டூரிங் கொட்டகையில் 'சொர்ணவேணி' ஓடும்போது, திரையில் 'சுபம்' என்று விழுந்ததும் எழுந்து வேட்டியில் மணலைத் தட்டுகிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரர்கள் அசைய மாட்டார்கள். "உக்காரும் வே, சுபந்தானே போட்டிருக்கான், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பார்கள். அவன் விழித்துக்கொண்டே உட்காருவான். விளக்கை அணைப்பார்கள். இன்னொரு ரீல் ஓடும்.

அந்த ஒரு ரீலுக்காகத்தான் பன்னிரண்டு வருஷமாக ஒவ்வோர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் அந்தப் படத்தை இங்கே ஓட்டினார்கள். கதை பெரிய கதையெல்லாம் இல்லை. சொர்ணம் ஒரு வியாபாரியின் பெண்டாட்டி. யாரோ சொன்ன கோளைக் கேட்டுப் புருஷன் அவளைத் தலைமுடியைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்து அடிக்கிறான். அடுத்த ரீலில் சொர்ணம் காட்டில் அலைந்து, கிழிந்த சேலையோடு வந்து அவன் காலில் விழுந்து, "என் பிழை பொறுத்தருள வேண்டும் நாதா" என்று அழுகிறாள். தாடி வைத்த புருஷன் தூக்கி நிறுத்துகிறான். சுபம். அதற்குப் பிறகுதான் கடைசி ரீல். சொர்ணம் நல்ல சேலை கட்டியிருக்கிறாள். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிகிறாள். ஒரு வார்த்தை பேசாமல் வாசற்படியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி நடக்கிறாள். நடந்துகொண்டே இருக்கிறாள். திரை வெள்ளையாகிவிடும். பெண்கள் பக்கத்தில் குலவை கிளம்பும்.

கடைசி ரீலில் புருஷனின் தாடி எங்கே போனது என்று சின்ன வயசில் நான் கேட்டிருக்கிறேன்.

"சவரம் பண்ணியிருப்பான்" என்றாள் அக்கா.

"கிழிஞ்ச சேல?"

"அதோடவா ஊரு போவா? மாத்திக் கட்டியிருப்பா."

"மன்னிப்புக் கேட்டவ எதுக்குப் போறா?"

"கேட்ட பொறவு யோசிச்சிருப்பா, நாம எதுக்குக் கேட்டோம்னு. பேசாமப் படத்தப் பாரு ஏட்டி."

அக்கா முருகம்மாள் என்னைவிட ஏழு வயசு மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை வாரியதும் அவள்தான், உதைத்ததும் அவள்தான். பத்தொன்பது வயசில் ஐயா அவளைச் சிவகிரிக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை சண்முகையாவுக்கு நஞ்சை உண்டு, இரண்டு ஜோடி மாடு உண்டு, கையை ஓங்குகிற பழக்கமும் உண்டு. மூன்று வருஷம் பொறுத்தாள். ஒருநாள் மத்தியானப் பஸ்ஸில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள். இடது காது கிழிந்து தொங்கியது. ஐயா என்னவென்று கேட்டதற்கு, "சுபம் போட்டு மூணு வருசம் ஆச்சு ஐயா. மிச்சத்தையும் ஓட்டணும்லா" என்றாள். சினிமாப் பக்கமே போகாத ஐயாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அது நடந்து ஆறு வருஷம். அக்கா தறிக்காரர் வீடுகளுக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தே என்னைப் பாளையங்கோட்டையில் பி.ஏ. படிக்க வைத்தாள். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் வந்த அதே மாசம், 'சொர்ணவேணி'யை மறுபடியும் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது.

ஊர் கொதித்தது. டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

"அந்த மூஞ்சி வருமா வே? இவ கன்னத்துல ஒரு இஞ்சுக்குப் பவுடர்லா அப்பியிருக்கா!"

"பாட்ட பூராத்தையும் மாத்திட்டானாம். ஒரு பாட்டு கலர்ல வருதாம்."

"பெத்த தாய மாத்துன மாதிரில்லா இருக்கு."

"உம்ம அம்மையும் கலர்ல வந்தா வேண்டாம்பீராக்கும்?"

கடைசியில் படம் எடுத்த கம்பெனிக்கு மனுப் போடுவது என்று முடிவாயிற்று. யார் எழுதுவது? "மூக்காண்டி மக பி.ஏ. படிச்சிருக்கால்லா, அவ எழுதட்டும்" என்றார்கள். பொட்டப்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று நாலு வருஷம் ஐயாவைக் குடைந்தவர்கள்தான் வாசலில் வந்து நின்றார்கள். அதைச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் காகிதத்தை எடுத்தேன். காரமாகவே எழுதினேன். மக்கள் மனத்தில் குடியிருக்கும் ஒரு படத்தைத் திரும்ப எடுப்பது, உயிரோடு இருப்பவளைத் துரத்திவிட்டு அவள் பெயரில் இன்னொருத்தியைக் குடிவைப்பதற்குச் சமம் என்று இரண்டாவது பத்தியில் ஒரு போடு போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள்.

மனுவைத் தபாலில் சேர்ப்பதற்குள் சண்முகையா வந்தார். மரியாதைக்காக 'வந்தார்' என்று எழுதுகிறேன். ஆறு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷர், வெள்ளை வேட்டியும் கையில் புதுப் படத்தின் பாட்டுப் புத்தகமுமாக வந்து ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ராஜபாளையத்துல பாத்தேன் மாமா. மூணு தடவ பாத்தேன். அழுதுட்டேன். போனவ கடைசியில திரும்பி வந்துருதா. இந்தா, இதுலயே அச்சடிச்சிருக்கான் பாருங்க." பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். "வாசிம்மா, நீதான் படிச்ச பிள்ளையாச்சே."

நான் வாங்கவில்லை. அவரே எழுத்துக்கூட்டி வாசித்தார். காட்டில் அலைந்த சொர்ணம் முடிவில் கணவன் பாதமே கதியென்று வந்து சேர்ந்தாளாம்.

"பழைய கதையும் இதாம் மாமா. மதுர, மெட்ராஸ் எங்கன கேட்டாலும் இதத்தான் சொல்லுதான். இந்த ஊர்ல மட்டும் என்னத்தையோ பாத்துட்டுப் பொம்பளைக குலவ போட்டுட்டுத் திரியுதாளுவ. முருகம்மாவக் கெடுத்ததே அந்தப் படந்தான்."

"சினிமாவ விடும் மாப்ள" என்றார் ஐயா. கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு மனசில் இருந்தது வெளியே வந்தது. "இளையவளுக்கும் பாக்கணும். மூத்தவ வாழாம வீட்டுல இருக்கான்னு தெரிஞ்சா, பொண்ணு பாக்க வாரவன் வாசலோட திரும்பிருதான்."

"எவனும் வர வேண்டாம். நான் கேட்டனா?" என்றேன்.

"நீ சும்மா கெட."

அக்கா சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. ராட்டையை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

ஐயா தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கெழம எல்லாருமா ராஜபாளையம் போயி அந்தப் படத்தப் பாப்போம். நானும் வாரேன். பாத்துட்டு, முருகம்மா அங்கனயிருந்தே மாப்ளயோட சிவகிரிக்குப் போகட்டும். நான் வார்த்த குடுத்துட்டேன்."

"சரி ஐயா" என்றாள் அக்கா.

நான் கொட்டகைக்கு ஓடினேன். ஆப்பரேட்டர் பாதுஷா அண்ணாச்சி மெஷின் அறையில் அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தின் பிரதியைக் கொட்டகை முதலாளி விலைக்கே வாங்கியிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அதைத் தொட்டவர் இவர் ஒருவர்தான்.

"அண்ணாச்சி, பழைய சொர்ணவேணியில அவ திரும்பி வரவே இல்லன்னு ஒரு கடிதாசி எழுதித் தாறேன். ஒரு கையெழுத்துப் போடுங்க. எங்க ஐயாட்ட காட்டணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு தகர டப்பாக்களை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். ஒரு மூடியில் பதின்மூன்று, இன்னொன்றில் பதினாலு.

"மூடிய மாத்தி மூடு" என்றார்.

"எதுக்கு?"

"மூடு மக்கா. இப்பந்தான் சரியா இருக்கு."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் சிரித்தார்.

"மதுரையில எவனோ மூடிய மாத்திப் போட்டு அனுப்பியிருக்கான். மொத நாளு நானும் மூடியில உள்ள நம்பரப் பாத்து மாட்டிட்டேன். சுபம் விழுந்துட்டு. திரும்பிப் பாத்தா இன்னொரு ரீல் இருக்கு! என்ன செய்ய? அதையும் ஓட்டிட்டேன். அடி விழும்னு பாத்தா, பொம்பளைக குலவ போடுதாவ."

"அப்ப நெசமான கதையில..."

"போறா, காட்டுல அலையுதா, கிழிஞ்ச சேலையோட வந்து கால்ல விழுதா, சுபம். அம்புட்டுத்தான். ரெண்டாம் நாளு சரியாத்தான் ஓட்டுனேன். அவ கால்ல விழுந்தா பாரு, பொம்பளைக பக்கமிருந்து ஒரு கொமருப்பிள்ள எந்திச்சுக் கத்துதா: 'ஏ ஆப்பரேட்டரு, நேத்து மாதிரி போடும் வே!' அம்புட்டுத்தான், எல்லாவளும் மணல அள்ளி எறிய ஆரம்பிச்சிட்டாளுவ. மொதலாளி ஓடியாந்து, 'நேத்து எப்படி ஓட்டுனீரோ அப்படியே ஓட்டித் தொலையும்'ன்னுட்டாரு. அன்னையிலிருந்து அப்படித்தான் ஓடுது."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒரு ஊரையே பன்னெண்டு வருசமா ஏமாத்தியிருக்கீங்க!"

"நான் எங்க ஏமாத்துனேன்? கேட்டாவ, போட்டேன். படம் எடுத்தவன் ஒண்ணு எடுத்தான். இந்த ஊரு அத வாங்கித் தனக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுச்சு. இப்ப மூணாவதா ஒருத்தன் எடுத்திருக்கான். இதுல எவனுக்கு நீ மனுப் போடப் போற?"

வீட்டுக்கு நடந்து வந்தேன். நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டும், எவனும் எடுக்காத ஒரு படத்துக்காக வைத்தவை. என் அக்கா புருஷன் வீட்டை விட்டு வந்தது, மாறிப்போன ஒரு தகர மூடியை நம்பி. இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. அவள் துணிப்பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்ற வாக்கிலேயே சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"ரீல மாத்தி ஓட்டுதது. ரெண்டாம் நாளும் நான் போயிருந்தேன்லா."

"மணல அள்ளி எறிஞ்சாங்களாமே, அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்." ஒரு சேலையை உதறி மறுபடி மடித்தாள். "மொதல்ல கத்துனதே நாந்தான் ஏட்டி. வெளிய சொல்லிராத. ஐயாவுக்குத் தெரிஞ்சா, பதினாறு வயசுப் பிள்ள கொட்டகையில எந்திச்சுக் கத்துனாளான்னு இப்பவும் வையும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னத்த வாயப் பொளக்க? ரெண்டையும் பாத்தேன். எது வேணும்னு கேட்டு வாங்குனேன். ஒரு மூடிய நம்பி நான் வந்துட்டேன்னு நெனச்சியாக்கும்?"

"அப்ப இப்ப எதுக்குப் பையக் கட்டுத?"

கை நின்றது. "உனக்கு ஒண்ணு ஆகணும்லா வள்ளி."

"என் தலையில போடாத! நீ அடி வாங்கித்தான் எனக்குத் தாலி வரணும்னா, அந்தத் தாலியக் கொண்டுபோயி..."

"வாய மூடு. பி.ஏ. படிச்சவ பேசுத பேச்சா இது?" என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "ஐயாவுக்கு வயசாகுது. தெருவுல போவும்போது குனிஞ்சிட்டே போறாரு. எனக்கு ஒண்ணும் முடிவா ஓடல. படத்தப் பாப்போம். ரெண்ட பாத்தவ மூணாவதையும் பாத்துருதேன். உன்ன மாதிரி பாக்காமலே நாலு பக்கம் எழுத எனக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். நிஜத் தியேட்டர், நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருந்தன. அக்கா ஒரு பக்கம் சண்முகையாவும் மறுபக்கம் நானுமாக நடுவில் உட்கார்ந்தாள். பை அவள் மடியில் இருந்தது. ஐயா சண்முகையாவுக்கு அந்தப் பக்கம், நாற்காலியின் நுனியில், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

படம் மோசமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். இருக்கவில்லை. பழைய சொர்ணம் நாடக மேடையில் நடப்பதுபோல நடப்பாள். இவள் நிஜமாகவே ஒரு வீட்டில் குடியிருந்தாள். அடுப்பு ஊதும்போது கண்ணைக் கசக்கினாள். பாட்டுகள் சின்னவை, நன்றாகவும் இருந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது. புருஷனாக நடித்தவர் இப்போது பேர்பெற்ற பெரிய நடிகர். அவர் வந்து நின்றாலே விசில்.

முற்றத்துக் காட்சி வந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. கோளைக் கேட்ட புருஷன் உள்ளே வருகிறான். சொர்ணம் நிமிர்ந்து பார்க்கிறாள். கையை ஓங்கினான். கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கையையே ஒரு கணம் பார்த்தான். மெதுவாகக் கீழே இறக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போய்விடு" என்றான்.

தியேட்டரே கை தட்டியது. ஐயாவும் தட்டினார். முதல் தடவை சினிமா பார்க்கிற மனுஷர். பக்கத்தில் தட்டினார்கள், அவரும் மனசாரத் தட்டினார்.

கெடுத்துவிட்டார்கள், படத்தின் உயிரான காட்சியையே வெட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மனுவில் சேர்க்க இன்னொரு குறிப்பு. நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

பிறகு அவள் போனாள், அலைந்தாள், திரும்பி வந்தாள், காலில் விழப்போனவளை அவன் பாதியிலேயே பிடித்து நிறுத்தினான். சுபம். எல்லாரும் எழுந்தார்கள். வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. சண்முகையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா முருகு? வந்துட்டால்லா?"

"வந்துட்டா" என்றாள் அக்கா. அவள் கண்ணும் சிவந்திருந்தது. "நல்லா நடிச்சிருக்கா. எனக்கே அழுக வந்துட்டு."

"அப்பக் கெளம்பு. சிவகிரி பஸ் இப்ப வந்துரும்."

"ஒண்ணு கேக்கட்டா? மூணு தடவ பாத்தேன்னு சொன்னீங்களே. அவன் அடிக்கவே இல்லையே, அதக் கவனிச்சீங்களா?"

"எவன்?"

"புருஷங்காரன். பழைய படத்துல முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்து அடிப்பான். இதுல ஓங்குன கைய இறக்கிட்டான்லா."

சண்முகையா சிரித்தார். "அதுவா! பெரிய நடிகரு அவரு. அவரு ஒரு பொம்பளைய அடிச்சா ஜனம் ஒத்துக்கிடுமா? படம் ஓடாது."

"ஒத்துக்கிடாதுல்லா?"

"ஒத்துக்கிடாது" என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"பன்னெண்டு வருசத்துக்கு முன்ன ஜனம் ஒத்துக்கிட்டுச்சு" என்றாள் அக்கா. "அன்னைக்கு அவன் அடிச்சான், சபை பாத்துட்டு இருந்துச்சு. இன்னைக்கு அடிச்சாப் படம் ஓடாதுங்கீங்க. படம் எடுக்கவனுக்கே வெக்கம் வந்திருக்கு. அடிக்காதவங்கிட்ட அவ திரும்பிப் போறா. போகட்டும், நல்லா இருக்கட்டும். இது வேற கத." அதுவரை 'நீங்க' என்று பேசியவள் குரலை உயர்த்தாமலே மாறினாள். "நீரு அடிச்சீரு வே. என் கத அது இல்ல."

அவள் அவரை 'வே' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் காரசாரமாக நாலு பக்கம் எழுதித் தடுக்கப் பார்த்த படத்திலிருந்துதான் அவள் இதை எடுத்தாள். பழைய படத்தை எத்தனை தடவை பார்த்திருந்தாலும் அந்தக் கை அங்கே நின்றிருக்காது. திரும்ப எடுத்ததால்தான் நின்றது. கெட்டும் போகலாம், இப்படியும் ஆகலாம். எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? அந்த மனுவை நான் அனுப்பவில்லை. கைநாட்டு வைத்தவர்கள் முதலில் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஊரில் பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

"மாமா!" சண்முகையா ஐயாவிடம் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. "நடுத்தெருவுல வச்சு என்ன பேச்சு பேசுதா பாத்தீங்களா? நீங்க வார்த்த குடுத்திருக்கீங்க. சொல்லுங்க இவகிட்ட."

ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"நானுந்தான் கை தட்டுனேன் மாப்ள" என்றார்.

அக்காவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். சண்முகையா எங்களுக்கும் பின்னால் வந்தார், விட்டுப் போகவும் மனசில்லாமல், சேர்ந்து நடக்கவும் முடியாமல். ஸ்டாண்டில் சிவகிரி பஸ்ஸும் எங்கள் பஸ்ஸும் அடுத்தடுத்து நின்றன. சிவகிரி பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கத்தினான். ஐயா அவன் பக்கமாகவே போவதைப் பார்த்து நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் அந்த பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்ததில் ஏறினார். பையை ஜன்னலோர இருக்கையில் வைத்து அக்காவுக்கு இடம் பிடித்தார்.

"எங்க போகணும் அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர்.

"சங்கரன்கோவில்" என்றார் ஐயா. "மூணு பேரு."